தண்ணீர் இல்லாத இடத்தில் ஓடிய பம்பு

ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது. அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இந்தத் தொகையைத்தான் சொன்னார். புருஷனைக் காணோம் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார்.

கடன் வாங்கினவன் காணாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுக்க வேண்டியவன் குத்துக்கல் மாதிரி ஊரில் உட்கார்ந்திருக்க, வாங்க வேண்டியவர் காணாமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை. அதை வாய்விட்டும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. துப்பறியும் வேலை செய்கிறவர். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் போய்ப் பார்த்து, நசுங்கினதா நசுக்கினதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவருடைய பையைத் தூக்குகிறேன். பாரம் குறைந்துவிட்டது, பயம் கூடிவிட்டது.

வந்த அம்மாளின் புருஷன் வேன் மெக்கானிக். பொக்லைன், புல்டோசர் மாதிரி செயின் பட்டையில் ஊர்கிற எந்திரங்களை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. எங்கே நின்றதோ அங்கேயே, சேறோ பாறையோ, மெக்கானிக்தான் தேடிப் போக வேண்டும். வெல்டிங் செட், கப்பி, கிரீஸ் டின் எல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு இவர் அப்படிப் போகிறவர். மழைக்காலம் முழுக்க ஒரே காண்ட்ராக்டரின் பொக்லைனுக்கு வேலை செய்திருக்கிறார். அறுந்த செயினை இடுப்பளவு சேற்றில் நின்று கோத்திருக்கிறார். வெடித்த ஹோஸ்களை மாற்றியிருக்கிறார். உதிரி பாகமெல்லாம் இவர் கைக்காசு. காண்ட்ராக்டர் ஒரு பைசா தரவில்லை. வேனுக்கு மூன்று தவணை பாக்கி, நாளைக்குள் கட்டாவிட்டால் வேனைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

பணம் வராத இடத்தில் அவர் ஒன்று செய்வாராம். எந்திரத்திலிருந்து சின்னதாக ஒரு பாகத்தைக் கழற்றி எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுவார். பணம் வந்ததும் மாட்டிக் கொடுப்பார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அடகு. நேற்றுக் காலை அடகு எடுக்கத்தான் போனார். அதோடு சரி, போனும் எடுக்கவில்லை. இன்று காலை காண்ட்ராக்டரே இந்த அம்மாளுக்குப் போன் செய்து, உன் வீட்டுக்காரன் என் வண்டியில் திருடிக்கொண்டு ஓடிவிட்டான், போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

"கத்தினாரா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு. இத்தனை மாசமா பாக்கின்னு வாயைத் திறந்தாலே கத்துவாரு. இன்னைக்கு அவ்வளவு மெதுவா பேசினாரு."

அக்கா எழுந்து குடையை எடுத்தார். நான் பையை எடுத்தேன்.

*

பழைய கட்டிடம் ஒன்றை இடித்துவிட்டுப் புதுசுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற இடம் அது. சுற்றிலும் தகர வேலி. நாங்கள் மூவரும் உள்ளே போனதும் வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலி போட்டான். திரும்பி, எதுக்குப்பா பூட்டு என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க என்றான்.

உள்ளே வேலை எதுவும் நடக்கவில்லை. ஆட்களுக்கு விடுமுறை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீழ்க்கோடியில் தோண்டின பள்ளத்தில் நேற்று பெய்த மழை குளம் மாதிரி நின்றது. மேட்டில், பழைய கட்டிடத்தின் சிமெண்டுத் தளம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதன் மேல் பொக்லைன் நின்றது. நீண்ட கையை முன்னால் நீட்டி, பக்கெட்டைத் தரையில் கவிழ்த்து, தலையைத் தொங்கப்போட்ட மாதிரி நின்றது. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே டீசல் பம்பு ஒன்று காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மெக்கானிக்கின் வேன், பூட்டினபடி.

காண்ட்ராக்டர் குடையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அந்த அம்மாளைப் பார்த்துக் கை கூப்பினார். கடன்காரன் கும்பிடு போட்டால் ஓடிவிட வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும்.

நேற்று காலை தான் இங்கே இல்லை என்றார். வந்து பார்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மெக்கானிக்கும் இல்லை. "என்ன பார்ட்டைக் கழட்டினான்னு எங்களுக்குத் தெரியாது மேடம். கவரையே நாங்க தொறக்கல. போலீஸ் வந்து பார்க்கட்டும்னு ரிப்பன் கட்டி வச்சிருக்கேன். யாரையும் கிட்ட விடல."

"வேனை விட்டுட்டா ஓடினாரு?" என்று நான் கேட்டேன்.

தவணை கட்டாத வேன், அதனால் விட்டுவிட்டுப் போயிருப்பான் என்றார். தவணை பாக்கி இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பாக்கி வைத்தவருக்குத் தெரியாதா என்று எனக்கே பதிலும் வந்தது. அந்த அம்மாள் வேன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கு மூடியபடியே இருக்கிறது என்றார்.

அக்கா ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். காண்ட்ராக்டர் ஓரடி முன்னால் வைத்து, அப்புறம் நின்றுவிட்டார். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அக்காவைத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். தடுத்தால் தப்பாகத் தெரியும் என்று நினைத்திருப்பார். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று தன் கொட்டகைக்குப் போனார்.

நான் செயின் பட்டை மேல் கால் வைத்து டிரைவர் கூண்டுக்குள் ஏறினேன். சாவி அதிலேயே இருந்தது. சீட்டுக்குப் பின்னால் சுருட்டிச் செருகின ஒரு துணி. எடுத்துக் கீழே நின்ற அக்காவிடம் கொடுத்தேன். துடைக்கிற வேஸ்ட் துணிதான், நான் இதற்கு முன் பார்க்காததா என்றேன். மஞ்சள் பூப்போட்ட துணி, குறுக்கே கறுப்பாக எண்ணெய்க் கோடு.

அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் அப்படியே செயின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். அது அவர்கள் வீட்டு ஜன்னல் திரை. கிழிந்து போனதும் இவர்தான் வெட்டிக் கொடுத்தார். மெக்கானிக் எந்த எந்திரத்துக்கு அடியில் நுழைந்தாலும், கைக்கு எட்டாத எந்த இடத்துக்குப் போனாலும், முதலில் இந்தத் துணியை லீவரில் கட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறது, யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். வெளியே வந்ததும் அவரே அவிழ்ப்பார். வேறு யார் கையும் அதில் படக்கூடாது. அதைத் துடைக்கப் பயன்படுத்துவது அவருக்குச் சாமி படத்தை மிதிக்கிற மாதிரி.

அக்கா துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முனையிலும் துணி முறுக்கித் திருகிப்போய், நடுவில் மட்டும் விரிந்திருந்தது.

"தம்பி, துடைக்கிற துணிக்கு யாராவது ரெண்டு முடிச்சு போடுவாங்களா?"

"போடமாட்டாங்க."

"போட்டிருக்காங்க. வேற யாரோ அவிழ்த்திருக்காங்க. அவிழ்த்துட்டுத் துடைச்சிருக்காங்க. இவ்வளவு ஒல்லியான கோடு எதைத் துடைச்சா விழும்?"

எஞ்சின் ஆயில் அளக்கிற கம்பி. எனக்குக்கூடத் தெரிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது, வேறொன்றும் தெரியாதவன் முதலில் உருவிப் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான்.

*

ஆபரேட்டரைத் தேட வேண்டியிருக்கவில்லை. சிமெண்டு மூட்டை அடுக்கின ஷெட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். இதற்கு முன் லாரி ஓட்டினவன், இந்த எந்திரத்துக்கு நேற்றுதான் வந்தவன். அக்கா அவன் மடியில் துணியைப் போட்டார். மிரட்டவில்லை. என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லு என்று மட்டும் சொன்னார்.

நேற்று காலை அவன் வந்தபோது வண்டிப் பக்கம் யாரும் இல்லை. கை உயரத் தூக்கினபடி நின்றது, பக்கெட் அந்தரத்தில். லீவரில் ஒரு துணி கட்டியிருந்தது. சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் ஆகவில்லை. ஆயில் குறைவோ என்று பார்க்கத் துடைக்கத் துணி வேண்டியிருந்தது.

"முடிச்சு இறுகியிருந்துச்சா?"

"ஆமாங்க. பல்லால கடிச்சுதான் அவுத்தேன்."

"அப்புறம்?"

"ஆயில் சரியாதான் இருந்துச்சு. சரி, யாரையாவது கூப்பிடலாம்னு கிளம்பினேன். கிளம்பறப்ப..." அவன் நிறுத்தினான். தான் நல்லது செய்தோம் என்று நினைத்துக்கொண்டே சொல்ல வந்தவனுக்குப் பாதி வழியில் ஏதோ இடித்திருக்க வேண்டும். "பக்கெட்டை அந்தரத்துல விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. யார் தலையிலயாவது விழுந்துரும்னு. எஞ்சின் ஓடாட்டியும், லீவரைத் தள்ளினா அது பாரத்துக்கே இறங்கிரும். அதனால இறக்கி வச்சேன்."

நான்கு பேரும் ஷெட் வாசல் வழியாகப் பொக்லைனைப் பார்த்தோம். அதன் அடியில் ஆள் இல்லை, ஏற்கெனவே குனிந்து பார்த்தாயிற்று. செயினுக்குள் இல்லை, கூண்டுக்குள் இல்லை. மிச்சம் இருந்தது அந்தப் பக்கெட் மட்டும்தான்.

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

அவனுக்குத் தெரியவில்லை. தளம்தான் என்றான். நசுங்கின மனிதரை அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறோம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த அம்மாளும் அதையே நினைத்திருக்க வேண்டும். அக்காவின் புடவைத் தலைப்பைச் சின்னக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டார்.

தூறல் மழையாகிவிட்டது. பக்கெட்டுக்குப் போகிற வழியில் அக்கா அந்தப் பம்புக்கு முன்னால் நின்றார். அது கத்திக்கொண்டே இருந்தது. உறிஞ்சுகிற குழாயைக் கையில் தூக்கிக் காட்டினார். முனையில் சேறோ பாசியோ இல்லை, வெறும் தளத்தின் மேல் கிடந்தது.

அந்த இரைச்சலில் என் காதுக்குள் வந்து அவர் கத்த வேண்டியிருந்தது. "தண்ணி எங்க இருக்கு?"

"கீழ்க்கோடியில."

"பம்பு எங்க இருக்கு?"

"மேட்டுல. இறைக்க ஒண்ணுமில்லாம இறைக்குது. நம்ம முனிசிபாலிட்டி மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பம்பை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் காதில் ஒரு வலி வந்தது. மழை தகர வேலியில் விழுகிறது. வேறொன்றும் இல்லை. அந்த அம்மாள் பக்கெட்டுக்கு முன்னால் மண்டி போட்டார். கவிழ்ந்த பக்கெட்டின் பற்கள் சிமெண்டில் ஊன்றியிருந்தன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம். அந்த இடுக்கு வழியே பார்த்தால் உள்ளே தளம் இல்லை. சதுரமாக ஒரு கறுப்பு. கட்டிடம் இருந்த காலத்து நிலத்தடித் தொட்டியின் வாய்.

"என்னங்க," என்று அவர் கூப்பிட்டார். ரொம்பச் சின்னக் குரலில். சத்தமாகக் கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் என்ன செய்வது என்கிற பயம் அந்தக் குரலில் இருந்தது.

இரும்பில் டக் என்று ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

*

உயிரோடு இருந்தார். அடகுப் பாகத்தை ஒளிக்கத்தான் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். உள்சுவரில் ஏறி இறங்கக் கம்பிப் படிகள் இருக்கின்றன. தலைக்கு மேலே பக்கெட் தொங்குகிறது என்றுதான் லீவரில் துணி கட்டினார். கட்டினபிறகு அவருக்குப் பயமே இருக்கவில்லை. வெளிச்சம் திடீரென்று அடைத்தபோதுகூட, துணி அவிழ்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை நம்பிக்கை ஒரு ஜன்னல் திரை மேல்.

போன் தண்ணீரில் போய்விட்டது, நேற்றைய மழை இரைச்சலில் அவர் கத்தினதும் யாருக்கும் கேட்கவில்லை. நேற்று முழங்கால் வரை இருந்த தண்ணீர் இப்போது மார்பைத் தாண்டிவிட்டது. இடித்த கட்டிடத்தின் பழைய மழைக் குழாய்களெல்லாம் இன்னும் அந்தத் தொட்டியில்தான் வந்து விழுந்தன. மழை வலுக்க வலுக்க உள்ளே கொட்டுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. மேல்படியில் நின்று பக்கெட்டின் உள்பக்கத்தில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேலே ஏற இடமில்லை.

அக்கா தீயணைப்புக்குப் போன் செய்தார். வருகிற வழியில் பாலத்தடியில் தண்ணீர், நேரமாகும் என்றார்கள். போலீசுக்கும் சொன்னார்.

அப்போதுதான் காண்ட்ராக்டர் ஓடி வந்தார். பம்பு நின்றது அவருக்குக் கேட்டிருக்கும். பக்கெட்டின் முன்னால் மண்டி போட்டிருந்த அம்மாளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஐயோ, உள்ளேயா இருக்கான், இது தெரியாம போச்சே என்று அழுகிற குரலில் சொன்னார். கண்ணீரே வந்தது. மழையா கண்ணீரா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அந்த நிமிஷம் நம்பினேன். பாவம், மனிதர்தானே என்றுகூட நினைத்தேன்.

"சீக்கிரம் மேடம்," என்றார். "அந்த ரிலேவை இந்த இடுக்கு வழியா நீட்டச் சொல்லுங்க. மாட்டினா வண்டி ஸ்டார்ட் ஆயிரும். நானே ஏறித் தூக்கிடறேன்."

அக்கா நிமிர்ந்தார்.

"எந்த ரிலே?"

காண்ட்ராக்டரின் பார்வை பக்கவாட்டுக் கவருக்குப் போய்த் திரும்பியது.

"என்ன பார்ட்டுன்னே தெரியாது, கவரையே தொறக்கலன்னு கொஞ்சம் முன்னாடி சொன்னீங்க. அவருக்கப்புறம் கவரை யாரும் தொறக்கலதான். போல்ட் மேல பூசின கிரீஸ் கலையாம இருக்கு, அதையும் பார்த்தேன். அது ரிலேன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். அவரு இதுக்குள்ள இருக்காரு."

கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. குளிரில் பல் தந்தி அடிக்க, வார்த்தை வார்த்தையாக வந்தது.

"இன்னைக்குக் காலையில காண்ட்ராக்டர் வந்தாரும்மா. இங்கயேதான் குந்தியிருந்தாரு. பாக்கி எதுவும் இல்லன்னு சொல்லு, ரிலேவைக் கொடு, தூக்கறேன்னாரு. முதல்ல தூக்குங்கன்னேன். யோசிச்சு வை, சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டு, நான் கத்தறது வெளிய கேக்காம இருக்க, பம்பைப் பக்கத்துல வச்சு ஓட விட்டுட்டுப் போயிட்டாரு."

நான் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். அடிதடிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், கத்தி எடுத்தவனையும் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது அவருக்கு மேலே குந்தி உட்கார்ந்து பேரம் பேசிவிட்டு, போய்ச் சாப்பிட்டு வந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டோ பூட்டியிருந்தது.

காண்ட்ராக்டரின் அழுகை நின்றது. குரல் மறுபடி மெதுவாகிவிட்டது. வண்டி என்னுடையது, என் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்றார். ஆபரேட்டரைப் பார்த்து, பக்கெட்டை இறக்கினது நீதான், ஞாபகம் வச்சுக்கோ, ஏறினால் நீதான் ஜெயிலுக்குப் போவாய் என்றார்.

ஆபரேட்டர் மழையில் நின்றான்.

பல் இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. வெளுத்துச் சுருங்கி, ஊறிப்போன கை. விரல்களில் ஒரு பிளாஸ்டிக் பை, வாயைக் கட்டினது. அந்த அம்மாள் பையை வாங்கி என்னிடம் நீட்டினார். அந்தக் கையை மட்டும் விடவில்லை.

"தம்பி, கொடுத்துட்டாரு. இனிமே அவருகிட்ட ஒண்ணும் இல்ல."

அக்கா ஆபரேட்டரிடம் போனார். இறக்கினது தெரியாமல் செய்தது என்றார். தூக்காமல் போனால் அது தெரிந்து செய்தது. அவ்வளவுதான் சொன்னார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு செயின் பட்டை மேல் கால் வைத்தான். காண்ட்ராக்டர் தானும் ஏறக் கை நீட்டியபோது அக்கா நடுவில் நின்றார்.

"நீங்க குடையைப் பிடிங்க. அந்தப் பையன் மாட்டற ஒயர்ல தண்ணி படக்கூடாது."

பையன் என்றது என்னைத்தான். எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. அதைத் திருத்த அது நேரமில்லை.

பக்கவாட்டுக் கவருக்கு நான்கு போல்ட். பையோடு வந்த வேன் சாவியை அந்த அம்மாள் என்னிடம் எறிந்தார், பதிமூணு ஸ்பேனர், இடது பக்க டிராயர் என்றார். கீழேயிருந்து மெக்கானிக் சொல்ல, அவர் அதை வாங்கி எனக்குக் கத்திச் சொன்னார். முதலில் பேட்டரி சுவிட்சை அணை. தடி ஒயர் இரண்டும் பெரிய போல்ட்டில். மெல்லிய ஒயர் இரண்டும் எப்படிப் போட்டாலும் பரவாயில்லை. கை விட்டு நட்டு ஒன்று சேற்றில் விழுந்தது. தேடித் துழாவினேன். அதற்குள் கீழேயிருந்து வருகிற குரல் நின்றுவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்று கத்தினேன்.

"தண்ணி வாய்க்கு வந்துருச்சு தம்பி. அண்ணாந்து மூச்சு விடறாரு. கையை அழுத்தறாரு. நீங்க மாட்டுங்க."

நட்டு கிடைத்தது. மாட்டினேன். எனக்கு மேலே குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அக்கா காண்ட்ராக்டரின் மணிக்கட்டைப் பிடித்து நேராக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பேட்டரி சுவிட்சைப் போட்டேன்.

எஞ்சின் ஒருமுறை உறுமி நின்றது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை எங்கள் முகத்தில் அடித்தது.

இனிமேல்தான் உண்மையான பயம். தொட்டி வாயைச் சுற்றித் தளம் விரிசல் விட்டிருந்தது. பொக்லைனின் கை கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இழுத்தால், பற்கள் அந்தச் சிமெண்டைப் பெயர்த்து அவர் தலையில் போட்டுவிடும். நேராக மேலே வர வேண்டும். ஓட்டுகிறவனோ நேற்றுதான் வந்த ஆள். அந்த அம்மாளைத் தள்ளி வரச் சொன்னோம். அவர் புருஷனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விட்டார், கடைசி விரலை விட்டதும் அந்தக் கை இடுக்குக்குள் போய் மறைந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தான். கண்ணைத் திறடா பாவி என்று கத்தினேன். திறந்தான். லீவரைத் தன் பக்கம் இழுத்தான், தூங்குகிற குழந்தை மேலிருந்து போர்வையை எடுக்கிற மாதிரி. ஹோஸ்கள் விறைத்தன. ஒரு துண்டுச் சிமெண்டு உடைந்து உள்ளே விழுந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் பக்கெட் தரையை விட்டுப் பிரிந்தது. ஒரு சாண். ஒரு முழம். இடுப்பளவு.

நான் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். முதலில் வெறும் தண்ணீர்தான் அகப்பட்டது. அப்புறம் தலைமயிர். அதையே பிடித்து இழுத்தேன்.

*

வேன் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி அவரை உட்கார வைத்தோம். வாந்தி எடுத்தார். உதடு நீலமாக இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, நேற்று வைத்தது, ஊசிப் போச்சு என்று அவருடைய மனைவி சொன்னார். அதைச் சொல்லித்தான் அழுதார். ஆபரேட்டர் கூண்டிலிருந்து இறங்கவில்லை. அதிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் தமாஷாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அதை விட்டுவிட்டு, சேற்றில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன்.

காண்ட்ராக்டர் கொட்டகைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் ரெக்சின் பை. நேராக அந்த அம்மாளிடம் வந்து ஜிப்பைத் திறந்து காட்டினார். ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது. தொகை அவருக்கு மனப்பாடமாக இருந்தது, ஐம்பது உட்பட.

"முழுசா இருக்கும்மா. எண்ணிக்கோங்க. ஏதோ கோபத்துல நடந்துபோச்சு. இதோட நமக்குள்ள ஒண்ணும் இல்ல."

அந்த அம்மாள் பையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்குத் தவணை. பட்டினி கிடந்தவர் சோற்றைப் பார்க்கிற பார்வை அது, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அக்கா குனிந்து அவர் காதோரம் சொன்னார், எனக்கும் கேட்டது. இது உங்கள் கூலி, வாங்கிக்கொள்ளலாம், வாங்கினாலும் புகார் கொடுக்கலாம், சட்டம் தடுக்காது என்றார்.

"சட்டம் தடுக்காதுக்கா. கை நீட்டி வாங்கிட்டா அப்புறம் எனக்குப் பேச வராது. நாலு பேர் வந்து, அதான் வாங்கிட்டியேம்பாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிரும். எனக்கு என்னைத் தெரியும்."

புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பல் கிட்டிப் பேச முடியாமல் இருந்தார். தார்ப்பாய்க்குள்ளிருந்து அந்த வெளுத்த கை வந்து, வேனின் பக்கத் தகரத்தை ஒருமுறை மெல்லத் தடவியது. அப்புறம் பணம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த அம்மாள் எழுந்து நின்று, ரெக்சின் பையின் ஜிப்பைத் தன் கையாலேயே இழுத்து மூடினார்.

"அந்தப் பாக்கியைத் தள்ளுபடி பண்ணிட்டோம்," என்றார் காண்ட்ராக்டரிடம். "தள்ளினது பணத்தை மட்டும்தான். உங்க மேல கொடுக்கப்போற புகாரை இல்ல."